முப்பத்தொரு ஒன்றுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, என் பொறுப்பில் இருந்த டேட்டாபேஸ் ஒன்று புதிதாக எதையும் சேர்க்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. பிழைச் செய்திகளைத் தோண்டிக்கொண்டே போனதில் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்த ஐடி நம்பர் 2147483647-ல் போய் முட்டியிருந்தது. அதற்கு மேல் எழுத அந்த இடத்தில் அகலம் இல்லை. சரிசெய்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

காலையில் பக்கத்து இருக்கைக்காரர் வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். திரையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இதுலயா மாட்டுன? நல்ல எண்ணுப்பா இது. பகா எண். ஆய்லருக்குப் பார்வை போனப்புறம் அவர் நிரூபிச்சது" என்றார். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரைப் பற்றி அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. பத்து இலக்க எண். கண் தெரியாத மனிதர். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எப்படி நிரூபித்திருப்பார்?

பதில் எனக்குப் பிடிபட ஒரு நோட்டுப் புத்தகமும் மூன்று வாரமும் ஆனது.

2147483647 என்று எழுதினால் அந்த எண் எதையும் காட்டிக்கொடுக்காது. ஒற்றைப்படை எண். ஐந்தில் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 46, ஆகவே மூன்றால் வகுபடாது. பார்த்த மாத்திரத்தில் இவ்வளவுதான் சொல்ல முடியும். மற்ற எந்தப் பெரிய எண்ணும் இப்படித்தான், வழவழவென்று இருக்கும், கை வைத்துப் பிடிக்க இடம் கிடைக்காது. இதே எண்ணை, ஒன்றும் சுழியமும் மட்டுமே வைத்து எழுதும் பைனரியில் எழுதிப் பாருங்கள்:

1111111111 1111111111 1111111111 1

முப்பத்தொரு ஒன்றுகள். நடுவில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. 2-ஐ முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, அதாவது 2³¹ − 1. இந்த வடிவம்தான் பிடி. இந்த எண்ணைப் பற்றி மனிதர்கள் தெரிந்துகொண்ட ஏறக்குறைய எல்லாமே இந்தப் பிடி வழியாக வந்தவை.

கம்ப்யூட்டர் இங்கே முட்டி நின்றதற்கும் இதுவே காரணம். 32 பிட் இடத்தில், அதாவது 32 பைனரி இலக்கங்களுக்கான இடத்தில், கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதற்கு ஒரு பிட் போய்விட்டால் மிச்சம் 31. அத்தனையும் ஒன்றாக நிரம்பிவிட்டால் தீர்ந்தது. அது பகா எண்ணாக இருந்தாக வேண்டும் என்ற அவசியம் கம்ப்யூட்டருக்கு இல்லை. 8 பிட்டின் எல்லை 127, பகா எண்தான். 16 பிட்டின் எல்லை 32767, அது 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லையும் 7-ஆல் வகுபடும்.

இது ஏன் இப்படி என்று ஒன்றுகளைப் பார்த்தாலே புரியும். 32767 என்பது பதினைந்து ஒன்றுகள். மும்மூன்றாகப் பிரித்தால் 111 111 111 111 111. பைனரியில் 111 என்றால் 7. ஒரே துண்டு ஐந்து முறை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, ஆகவே 7 வகுத்தே தீரும். ஐந்தைந்தாகப் பிரித்தால் துண்டு 11111, அதாவது 31. அதுவும் வகுக்கும். 64 பிட்டில் அறுபத்து மூன்று ஒன்றுகள், அவற்றையும் மும்மூன்றாக வெட்டலாம். முப்பத்தொரு ஒன்றுகளைச் சமத் துண்டுகளாக வெட்ட வழியில்லை. 31 பகா எண்.

அப்படியானால் பகா எண்ணிக்கையில் ஒன்றுகளை வரிசையாக எழுதினால் பகா எண் வந்துவிடுமா? இரண்டு ஒன்று 3, மூன்று ஒன்று 7, ஐந்து ஒன்று 31, ஏழு ஒன்று 127. எல்லாம் பகா எண்கள். அடுத்தது பதினொரு ஒன்றுகள்: 2047. அது 23 × 89. இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது, ஏனென்றால் பலர் இங்கே வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

இத்தாலியில் கட்டால்டி என்றொரு கணிதர் இருந்தார். பதினேழு ஒன்றுகளும் பத்தொன்பது ஒன்றுகளும் பகா எண்கள் என்று வகுத்து வகுத்துப் பார்த்து நிறுவியவர். 524287-ஐ அப்படிச் சோதிப்பது சாதாரண உழைப்பு இல்லை. 1603-ல் வந்த தன் நூலில் அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஒன்றுகளும் பகா எண்களே என்று சொன்னார். 23-ஐயும் 37-ஐயும் 1640-ல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா உடைத்தார். 29-ஐ 1738-ல் ஆய்லர் உடைத்தார். நான்கில் மிஞ்சியது 31 மட்டும். இடையில் 1644-ல் மெர்சென் என்ற பாதிரியார் 257 வரைக்கும் ஒரு பட்டியல் போட்டார். இந்த வகை எண்களுக்கு இன்று அவர் பெயர்தான். அந்தப் பட்டியலிலும் 31 இருந்தது. ஆனால் அதே பட்டியலில் 67, 257 என்று இரண்டு தவறானவை நுழைந்திருந்தன. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஏற்கக் கூடிய விஷயமாக இது இல்லை.

சரி, ஆய்லர் என்ன செய்தார்?

2147483647-க்கு வகுஎண் ஏதாவது இருந்தால், மிகச் சிறியது அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 46340-க்குள் இருக்க வேண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை வகுத்துப் பார்ப்பது கட்டால்டியின் வழி. ஆய்லர் அந்த 4,800 பேரையும் உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி, நீ வகுஎண்ணாக இருக்கத் தகுதி உள்ள ஆள்தானா என்று கேட்டார்.

இதைச் சின்ன அளவில் பார்த்தால்தான் புரியும். எனக்கும் அப்படித்தான் புரிந்தது. 23 எப்படி 2047-ஐ வகுக்கிறது என்று பார்ப்போம். 1-ல் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போகலாம். 23-ஐத் தாண்டினால் 23-ஐக் கழித்துவிட வேண்டும்.

1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, அப்புறம் மறுபடி 1.

பதினோரு எண்கள், ஒரு வளையம். 2-ஐப் பதினொரு முறை பெருக்கினால் மீதி 1 வருகிறது, அதனால்தான் 2¹¹ − 1 என்பது 23-ஆல் வகுபடுகிறது. இந்த வளையத்தில் 5 இல்லை. 5-ல் ஆரம்பித்து இரட்டித்துப் பாருங்கள்.

5, 10, 20, 17, 11, 22, 21, 19, 15, 7, 14, மறுபடி 5.

இதிலும் பதினொன்று. 1 முதல் 22 வரை எல்லா எண்களும் இரண்டு வளையங்களில் அடங்கிவிட்டன. எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் வளையம் அதே நீளம்தான் இருக்கும், ஏனென்றால் பதினொரு முறை இரட்டிப்பது என்பது 1-ஆல் பெருக்குவதற்குச் சமம், அதைவிடச் சீக்கிரம் திரும்பவும் முடியாது. ஆகவே 22 என்பது 11-ன் மடங்காக இருந்தே தீர வேண்டும். நோட்டில் இந்த இரண்டு வளையங்களை வட்டமாக வரைந்து பார்த்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதன் பின்னால் இருக்கும் ஃபெர்மாவின் தேற்றத்தைக் கல்லூரியில் சூத்திரமாகப் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அது இப்படி மாலை கோத்தது போன்ற விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதையே 31-க்குப் போட்டால், 2³¹ − 1-ஐ வகுக்கும் பகா எண் எதுவானாலும் அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31-ன் மடங்கு வர வேண்டும். ஒற்றைப்படை எண் என்பதால் 62-ன் மடங்காகவே இருக்கும். 63, 125, 187, 249 என்று 62 படியாக ஏறும் எண்களைத் தவிர மற்ற யாருக்கும் உள்ளே இடமில்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. எனக்கு இதுதான் இரண்டிலும் அழகானது. 2³¹ மீதி 1 தருகிறது என்றால் 2³² மீதி 2 தரும். ஆனால் 2³² என்பது 65536-ன் வர்க்கம். அதாவது, அந்த வகுஎண்ணால் வகுத்த மீதிகளை மட்டுமே பார்க்கும் உலகத்தில் 2-க்கு முழு எண்ணாகவே ஒரு வர்க்கமூலம் இருக்கிறது, அது 65536. எல்லாப் பகா எண்ணும் 2-க்கு அப்படி வர்க்கமூலம் தந்துவிடாது. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்கள் மட்டுமே தரும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், மிஞ்சுபவை 248-ன் மடங்கோடு 1 கூட்டியவை, 63 கூட்டியவை, இரண்டே வகை. 46340-க்குள் இப்படிப்பட்ட எண்கள் 63-ஐ விட்டுவிட்டால் 372. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் எண்பதை ஒட்டி வந்து நிற்கும்.

4,800 எங்கே, எண்பது எங்கே!

பட்டியலை எழுத ஆரம்பித்தேன். 249, மூன்றால் வகுபடும், அடித்துவிடலாம். 311, பகா எண், வைத்துக்கொள்ளலாம். 497 ஏழால் போகும். 559 பதிமூன்றால் போகும். 745, 807, 993, 1055, 1241 எல்லாம் போய்விட்டன. 1303 நின்றது. 1489 நின்றது. அப்புறம் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். பத்து இலக்க வகுத்தல் தேவையில்லை என்று அந்த 65536 சொல்லிக்கொடுத்துவிட்டது. 65536-ஐ அந்த எண்ணால் வகுத்து மீதியை எடு, மீதியை வர்க்கமாக்கு, மறுபடி வகுத்து மீதி எடு. 2 வந்தால் அது வகுஎண், வராவிட்டால் இல்லை.

311-க்கு முதல் மீதி 226. அதன் வர்க்கம் 51076, மீதி 72. இரண்டு இல்லை. 1489-க்கு இன்னும் சுலபம்: முதல் மீதி வெறும் 20, வர்க்கம் 400, 400 எங்கே 2 எங்கே. தினமும் சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து நான்கு நான்கு எண்களாகப் போட்டேன். பெரிய எண்கள் வர வர ஒவ்வொன்றும் அரைப் பக்கம் பிடித்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மீதி 2 வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை நூற்றாண்டாக எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம், கம்ப்யூட்டர்கள் கணக்கில்லாத முறை சோதித்த விஷயம், தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் கையால் போட்ட கணக்கு கண் முன்னால் வேறு சொல்லும்போது மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. மறுபடி மெதுவாகப் போட்டேன். ஒரு கழித்தலில் கடன் வாங்கியதைக் குறைக்க மறந்திருந்தேன். சரியான மீதி வேறு எங்கோ இருந்தது.

இந்தச் சோதனை வேலை செய்கிறதா என்ற சந்தேகம் அப்போது வந்ததால், கட்டால்டி தவறவிட்ட 29-க்கும் போட்டுப் பார்த்தேன். அங்கே வகுஎண் 58-ன் மடங்கைவிட ஒன்று கூட இருக்க வேண்டும், 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வர வேண்டும். 59 போய்விடும், 117 போய்விடும், 175 பகா எண் இல்லை. வாசலில் நிற்கும் முதல் ஆள் 233. 2¹⁵ என்பது 32768, 233-ஆல் வகுத்தால் மீதி 148. 148-ன் வர்க்கம் 21904. 233 × 94 = 21902. மீதி 2!

முதல் ஆளே வகுத்துவிட்டார். ஆய்லர் 1738-ல் கண்டது இந்த 233-ஐத்தான். 31-க்கு நான் எண்பது பேரைக் கேட்டும் ஒருவர்கூட 2 என்று சொல்லவில்லை. கடைசி எண்ணை முடித்த பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆய்லர் இந்த முடிவை பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது 1772-ல். அதற்கு முந்தைய வருடம் நடந்த கண்புரை அறுவைக்குப் பிறகு அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. வயது அறுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்குகளை மனதில் போட்டு மற்றவர்களிடம் சொல்லி எழுதவைத்தார். பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு நான் கற்பனை செய்துகொண்டது வேறு: இருட்டில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வகுத்தல்களை மனதில் போடும் கிழவர். உண்மையில் அவர் செய்த பெரிய வேலை, அந்த ஆயிரக்கணக்கான வகுத்தல்களைத் தேவையில்லாமல் ஆக்கியது. அதைச் செய்யக் கண் வேண்டியதில்லை.

1772-ல் மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். அடுத்த சில தலைமுறைகளுக்கும் அந்த இடம் இதனிடமே இருந்தது. செவ்விய எண்களுக்கும் இதிலிருந்து ஒரு வழி போகிறது. தன்னைத் தவிர்த்த மற்ற வகுஎண்களின் கூட்டுத்தொகை தானாகவே வருவது செவ்விய எண்: 28 = 1 + 2 + 4 + 7 + 14. இரட்டைப்படைச் செவ்விய எண் ஒவ்வொன்றும் ஒரு மெர்சென் பகா எண்ணிலிருந்து பிறக்கிறது. நம் எண் பெற்றது 2305843008139952128. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் 1811-ல், கண்டுபிடிக்கப்படப் போகும் செவ்விய எண்களில் இதுவே பெரியதாக இருக்கும், பயனில்லாத வெறும் வேடிக்கைக்காக இதைத் தாண்டிப் போக யாரும் முயலப்போவதில்லை என்று எழுதினார். நல்ல கணிதர்தான். அவர் போட்ட கணிதப் பட்டியல்களைப் பல தலைமுறை பயன்படுத்தியது. ஆனால் மனிதர்களைப் பற்றி அவர் போட்ட கணக்கு பிசகிவிட்டது. 1876-ல் ஃபிரான்சில் லூக்கா 2¹²⁷ − 1-ஐ நிறுவினார், முப்பத்தொன்பது இலக்கம். 1883-ல் ரஷ்யாவில் பெர்வூஷின் என்ற பாதிரியார் மெர்சென் விட்டுவிட்ட 2⁶¹ − 1-ஐக் கண்டார்.

லூக்காவின் வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வகுஎண்ணைத் தேடவே தேடாத வழி அது. பின்னால் லேமர் என்ற கணிதர் அதைச் சீராக்கிக் கொடுத்தார். 4-ல் ஆரம்பி, வர்க்கமாக்கி 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள், திரும்பச் செய். ஒன்றுகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு சுழியம் வந்தால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண். 127-க்கு ஏழு ஒன்றுகள், ஆகவே ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் 111-ன் வர்க்கம் 12321, இரண்டு போக 12319, அது மிகச்சரியாக 127 × 97. அந்தச் சுழியம் வந்து விழுவதைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். 2047-க்குப் போட்டால் கடைசியில் 1736 வந்து நிற்கும். பகு எண் என்று தெரிந்துவிட்டது, ஆனால் 23-ம் 89-ம் எங்கும் தலைகாட்டவில்லை.

உடையும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. 2⁶⁷ − 1 இந்த நிலையில் இருபத்தேழு வருடம் கிடந்தது. அது பகு எண் என்று 1876-லேயே லூக்கா காட்டிவிட்டார். அதன் காரணிகளை 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் கொடுத்தார்: 193707721 × 761838257287. கரும்பலகையில் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டு, விடை ஒன்றாக வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்றும் சொல்வார்கள்.

நம் எண்ணுக்குத் திரும்புகிறேன். பகா எண் என்று தெரிந்த பிறகும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. இதனால் வகுத்து மீதி எடுப்பதற்கு வகுக்கவே வேண்டாம். 2³¹ என்பது மீதி 1-க்குச் சமம் என்பதால், பெரிய எண் ஒன்றை 2³¹ இடத்தில் மடித்து மேல்பாதியைக் கீழ்பாதியோடு கூட்டினால் போதும். ஒன்பதால் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே வித்தைதான். இதை வைத்து ஓடும் ஒரு சக்கரம் உண்டு. 1-ல் ஆரம்பித்து 16807-ஆல் பெருக்கிப் பெருக்கி 2147483647-ஆல் மீதி எடுத்துக்கொண்டே போவது. 1, 16807, 282475249. அடுத்ததற்குப் பெருக்கினால் 4747561509943. இதில் 2³¹ 2210 முறை போகிறது, மிச்சம் 1622647863. அதோடு 2210-ஐக் கூட்டினால் 1622650073. இப்படியே போனால் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணையும், ஒன்றைக்கூட விடாமல், ஒன்றைக்கூட இரண்டாம் முறை தொடாமல் சுற்றிவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும். 23-ல் இரண்டு வளையங்கள் இருந்தன அல்லவா, இங்கே ஒரே வளையம். 16807 என்பது 7-ன் ஐந்தாம் அடுக்கு, 7-க்கு அந்தச் சக்தி உண்டு. சீட்டைக் கலைத்துப் போட்டதுபோல எண்கள் வருவதால் 1988-ல் பார்க், மில்லர் என்ற இருவர் இதைச் சமவாய்ப்பு (ரேண்டம்) எண்களுக்கான குறைந்தபட்சத் தரமாக முன்வைத்தார்கள். இன்று இதைவிட நல்லவை வந்துவிட்டன. ஆனாலும் சி++ என்ற நிரல்மொழியின் நூலகத்தில் இது இன்னும் இருக்கிறது.

நம் எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினால் 4294967295, முப்பத்திரண்டு ஒன்றுகள். உடைக்கவே முடியாத எண்ணுக்கு அடுத்த படியிலேயே அடுக்கடுக்காக உடையும் எண்: 3 × 5 × 17 × 257 × 65537. இவை ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள், அதாவது 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் வகை. இன்றுவரை தெரிந்தவை இந்த ஐந்துதான். ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயத்தால் வரைய வேண்டுமென்றால் பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் வைத்து வரையக்கூடியவை என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களில் பெரியதற்கு 4294967295 பக்கங்கள் என்பதும் இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒன்றுகளின் எண்ணிக்கையான 31-ஏ ஒரு மெர்சென் பகா எண், ஐந்து ஒன்றுகள். இப்படி மெர்சென் பகா எண்ணின் எண்ணிக்கையில் ஒன்றுகளை அடுக்கிப் பகா எண் கிடைத்தது நான்கு முறைதான் தெரியும்: 7, 127, 2147483647, அப்புறம் லூக்காவின் 2¹²⁷ − 1. சரி, 2147483647 ஒன்றுகளை வரிசையாக வைத்தால்? 64 கோடி இலக்கங்களுக்கு மேல் உள்ள எண் அது. பகா எண் இல்லை, 295257526626031 அதை வகுக்கும். அந்த வகுஎண்ணும் வாசல் விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஒன்றைக் கழித்துப் பாருங்கள், சரியாக 2147483647 × 137490.

பெரிய பகா எண் என்று இன்று சொன்னால் யாரும் பத்து இலக்கத்தை நினைக்கமாட்டார்கள். 2024 அக்டோபரில் லூக் டூரன்ட் கண்டது 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல். 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் கிடைத்தது. இத்தனை பெரிய எண்ணைச் சோதிக்க முடிந்ததற்குக் காரணமும் அது வெறும் ஒன்றுகளாக இருப்பதுதான். அதே அளவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அது பகா எண்ணாகவே இருந்தாலும் இன்றைய எந்தக் கம்ப்யூட்டராலும் அதை உறுதியாக நிரூபிக்க முடியாது.

ஆனாலும் எனக்கு நெருக்கமானது அந்தப் பத்து இலக்க எண்தான். அதன் எண்பது எதிராளிகளையும் கையால் சந்தித்திருக்கிறேன். பக்கத்தில் அதற்குத் துணைகூட இல்லை. இரண்டு குறைத்தால் ஐந்தில் முடியும், இரண்டு கூட்டினால் மூன்றால் வகுபடும்.

1970-ன் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் 32 பிட் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று இந்த எண்ணைத் தொடும். உலகப் பொது நேரப்படி அதிகாலை 03:13:49-க்கு அவற்றில் 2147483629 நிற்கும், அது பகா எண். அடுத்த பதினேழு நொடியும் பகு எண்களாகக் கடக்கும். 03:14:07-க்கு ஒரே ஒரு நொடி, எல்லாப் பிட்டும் ஒன்றாகி, 2147483647. அதற்குப் பிறகு வரும் பகா எண் 2147483659, இன்னும் பன்னிரண்டு நொடி தள்ளி. அந்தக் கடிகாரங்கள் அதைப் பார்க்காது.